சிங்கப் பாதி, குருவிப் பாதி

படாரென்று இரும்புக் கேட் சுவரில் மோதியது. அதே நொடியில் அலமாரி மேலிருந்த டைமரும் கிர்ரென்று அலறியது.

கரோலின் கேட் பக்கம் திரும்பவில்லை. டைமரைத்தான் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. இனி ஒவ்வொரு நொடியும் ஃபெர்ரிக் குளோரைடு செம்பைத் தின்றுகொண்டே போகும். ரப்பர் கையுறையோடு தொட்டிக்குள் கைவிட்டு, டிகாஷன் நிறத் திரவத்திலிருந்து தகட்டைத் தூக்கிக் குழாயடியில் பிடித்தாள்.

"ஏனுங்க, உள்ள யாருங்க இருக்கறது?"

"சித்தெ நில்லுங்க. தகடு கையில இருக்குது" என்றாள், தலை நிமிராமலே.

அச்சு இயந்திரத்தின் பெரிய சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த உம்மல் குல்சும் எட்டிப் பார்த்தாள். "யாருங்க அது, கேட்டைப் பேத்துட்டு வர்றது? நேத்துதான் பெயின்ட் அடிச்சிருக்குது. சட்டையைப் பாருங்க."

வந்தவர் சட்டையைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையின் முழங்கையில் பச்சைப் பட்டை. அதைப் பார்த்ததும் அவர் கோபம் ஒரு பங்கு ஏறியது.

வந்தவர் மோகன்குமார். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு, கோயமுத்தூரில் பம்புசெட் கம்பெனி. ஐம்பது வயது. எவ்வளவு கோபம் வந்தாலும் வாயிலிருந்து 'ங்க' மட்டும் விழாமல் இருக்காது.

"மேடம், என்ற ஊட்டுக் கதவை நாசம் பண்ணிப்போட்டீங்களேங்க!"

கரோலின் தகட்டைத் துணியில் ஒற்றி மேசைமேல் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். "உக்காருங்க சார். என்ன ஆச்சு?"

அவர் உட்காரவில்லை. போனை நீட்டினார். படத்தில் ஒரு பெரிய தேக்குக் கதவு, இரட்டைக் கதவு, அகலத் திறந்து கிடந்தது. இடது கதவில் பிடரி சிலிர்த்த சிங்க முகம், அதன் வாயிலிருந்து தடித்த இலைச்சுருள்கள். வலது கதவில் சிங்கமே இல்லை. மெல்லிய ரிப்பன், திராட்சைக் கொத்து, அதைக் கொத்தும் குருவி.

கரோலின் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டும் அவள் வரைந்ததுதான். ஆனால் இரண்டும் ஒரே கதவில் வந்திருக்கக்கூடாது.

அவள் தொழில் அப்படிப்பட்டது. ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடைகளுக்குப் பின்சந்தில் பன்னிரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறாள். செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் மெழுகைக் கீறிப் படம் வரைந்து, ஆசிட்டில் அரித்து, மை தடவிக் காகிதத்தில் அச்சு எடுப்பாள். எட்சிங். வரைவதெல்லாம் பரோக் பாணி அலங்காரம்: சுருண்டு சுருண்டு ஓடும் இலை, சிப்பி, மலர்ச்சரம், சிங்க முகம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இந்த மாதிரித் தாள்களை வைத்துக்கொண்டுதான் தட்டார்களும் தச்சர்களும் வேலை செய்தார்கள். இன்று கோயமுத்தூரில் அவளிடம் நகைக்கடைக்காரர்கள் வாங்குகிறார்கள், கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் வாங்குகிறார்கள், சர்ச்சுக்குப் பீடம் செய்கிறவர்கள் வாங்குகிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்து தரப் பத்துப் பேர் இருக்கும்போது இவளிடம் ஏன் வருகிறார்கள் என்றால், ஆசாரிகளைக் கேட்க வேண்டும். மெல்லிய கோடு நாலு நிமிடம் ஆசிட்டில் கிடந்தது, அழுத்தமான கோடு இருபது நிமிடம் கிடந்தது. தகட்டில் எது ஆழமோ அது காகிதத்தில் தடிப்பு. கோட்டைப் பார்த்தாலே உளி எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் காலத்து அச்சுக்காரர்களிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. செம்பு விலை அதிகம். அதனால் ஒரே தகட்டில் இரண்டு மாதிரி வரைவார்கள். நடுவில் ஒரு பூச்சாடி. அதற்கு இடப்பக்கம் ஒரு வேலைப்பாடு, வலப்பக்கம் வேறொன்று. வாங்குகிறவர் எந்தப் பாதி பிடிக்கிறதோ அதைச் சொல்லவேண்டும். தச்சர் அந்தப் பாதியையே திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் நிரப்புவார். கரோலினும் அப்படியே செய்தாள். தாளின் அடியில் பாதிக்கு ஒன்றாக இரண்டு கட்டம். வேண்டிய பாதியின் கீழ் வாடிக்கையாளர் அவர் கையாலேயே பென்சிலில் டிக் அடிக்கவேண்டும். அந்தத் தாள் அப்படியே ஆசாரிக்குப் போகும். பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட இதில் பிசகு வந்ததில்லை.

"நீங்க சிங்கத்துக்குத்தானே டிக் போட்டீங்க?" என்றாள் கரோலின்.

"சிங்கத்துக்குத்தானுங்க! குருவி, திராட்சையெல்லாம் என்ற ஊட்டுக் கதவுக்கு எதுக்குங்க? நான் என்ன பழக்கடையா வெச்சிருக்கறேன்?"

குல்சும் சிரிப்பை அடக்கச் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு வாரம் குஜராத்துல இருந்தேனுங்க. நேத்து ராத்திரி ஆசாரி கம்பளி சுத்திக் கொண்டாந்து மாட்டிட்டுப் போயிட்டார். காலைல வந்து கம்பளியை எடுத்தா இப்படி நிக்குது. எங்கக்கா பாத்தாங்க, பாத்ததும் என்ன சொன்னாங்க தெரியுமுங்களா? 'ஏன்டா தம்பி, ரெண்டு ஊட்டுல கழட்டின கதவை ஒண்ணா மாட்டிட்டயா'ன்னாங்க. ஞாயித்துக்கெழம புதுமனை. ஆயிரத்தைநூறு ஒறம்பரை வராங்க. நான் என்னன்னு சொல்றது?"

"என்ன சொல்லப்போறீங்க?"

"மேடம் குடுத்த படம் கோளாறுன்னுதானுங்க சொல்லோணும். வேற வழியில்லை. ரெடிமேட் கதவு ஒண்ணு ஆர்டர் சொல்லிப்போட்டேன், நாளைக்கு மத்தியானம் வருது. அந்த மேசையும் வேண்டாமுங்க."

அந்த மேசைதான் விஷயம்.

சுவரோரமாக நாற்பது பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு தாள். இரண்டு வருஷமாக அவளும் குல்சுமும் செய்த மாதிரித் தொகுப்பு. புதுமனை புகுவிழாவில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு இதை வைத்துக்கொள்ளலாம் என்று மோகன்குமாரே மூன்று மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார். வருகிறவர்கள் யார்? ஹோட்டல் கட்டுகிறவர்கள், மண்டபக்காரர்கள், நகைக்கடை முதலாளிகள். கதவைப் பார்ப்பார்கள், 'இந்த வேலைப்பாடு எங்க புடிச்சீங்க' என்பார்கள், பக்கத்திலேயே பெட்டி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு காலைப்பொழுதில் அத்தனையும் போய்விடும் என்று குல்சும் சத்தியம் செய்திருந்தாள். இப்போது அதே ஆயிரத்தைநூறு பேரிடம் 'படம் கோளாறு' என்று அவர் சொன்னால், நாற்பது பெட்டியையும் சுற்றிலும் கட்டிய கயிறோடு பழைய பேப்பர் கடைக்குப் போடவேண்டியதுதான்.

கரோலின் பதறவில்லை. பதறுவதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை இரண்டு இருந்தன.

நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'மோகன்குமார், ஆனைமலை. வாசக்கதவு. இடப்பாதி.' அடுத்து அலமாரியிலிருந்து அந்தத் தகட்டை உருவினாள். தகட்டில் எல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும். எழுத்தைக்கூட அவள் இடவலம் திருப்பித்தான் கீறவேண்டும். சுவரில் தொங்கிய கண்ணாடி முன்னால் பிடித்தாள். கண்ணாடியில் வரி நேராகத் தெரிந்தது: 'ஒரு பாதியை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.'

"படம் கோளாறு இல்லீங்க சார்" என்றாள். "ஆசாரிகிட்ட அந்தத் தாள் இருக்கும். அதைப் பாத்துட்டுப் பேசுவோம். இப்பவே போலாமா?"

"ஆனைமலைக்குங்களா?"

"நீங்க அங்கிருந்து வந்தீங்களல்ல? நாங்க வந்தா மட்டும் தேஞ்சா போயிருவோம்?"

குல்சும் ஏற்கெனவே கையிலிருந்த மையைக் கெரசினில் கழுவிக்கொண்டிருந்தாள். "பின்சீட்டு காலியாத்தானே இருக்குது? நானும் வாரேன். அச்சு எடுத்தது நானு. அதுல பிசகுன்னா எனக்கும்தான் கேவலம்."

கரோலின் பூதக்கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வண்டி கிணத்துக்கடவைத் தாண்டியது. மோகன்குமார்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"எங்கக்கா பழனாத்தா என்ன சொல்றாங்கன்னா, இது ஏதோ வேணும்னே பண்ணுன வேலைங்கறாங்க. யாரு பண்ணுனதுன்னு தெரியாட்டி பண்ணுனவங்களுக்கு எரியட்டும்னு மாசாணியம்மன் கோயல்ல மொளகா அரைச்சுப் பூசிப்போடறேங்கறாங்க."

"பூசட்டுமுங்க" என்றாள் கரோலின். "எனக்கொண்ணும் எரியாது."

"எனக்கும் எரியாது" என்றாள் குல்சும் பின்சீட்டிலிருந்து. "ஆனா பாருங்க சார், அரைச்சதுக்கு அப்புறம் 'அய்யோ, இவங்களா'ன்னு நிக்கக்கூடாது. அதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்கறது நல்லது."

மோகன்குமார் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் பொள்ளாச்சி வந்ததும் வண்டியை நிறுத்தி மூன்று பேருக்கும் இளநீர் வாங்கினார். கோபம் வேறு, உபசாரம் வேறு.

வீடு தென்னந்தோப்புக்கு நடுவில் நின்றது. பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழைமரம் இன்னும் வரவில்லை. வாசலில் நாலு படி. படிக்கு மேலே அந்தக் கதவு, இரண்டு பக்கமும் உட்சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்தது. உள்ளே ஆட்கள் டைல்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நேரில் பார்க்கும்போது இன்னும் மோசமாகத்தான் இருந்தது. கூடத்துக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால் வாசலுக்கு ஒரு பக்கம் சிங்கம், எட்டடி தள்ளி மறுபக்கம் குருவி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் அந்நியர்கள் மாதிரி நின்றன. ஆனால் செதுக்கல்! கரோலின் சிங்கத்தின் பிடரியில் விரலை ஓட்டினாள். அவள் இருபது நிமிடம் அரித்த கோட்டில் உளி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. நாலு நிமிடக் கோட்டில் மயிரிழை. ஒரு கோடு தப்பவில்லை. இப்படிச் செய்கிற கை கவனக்குறைவாக இருக்காது என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

மோகன்குமாரின் அக்கா பழனாத்தாள் இடுப்பில் கைவைத்து வந்தாள். "இவங்கதானா படம் போட்டவங்க? ஏனுங் அம்மணி, எங்க தம்பிக்கு ஒரு கண்ணு இடுங்கலுன்னு நெனச்சுட்டீங்களா?"

"இல்லீங்கக்கா. ரெண்டு கண்ணும் நல்லாத் தெரிஞ்சதால்தான் படத்தைக் கையில குடுத்தேன்."

பழனாத்தாள் இதை எதிர்பார்க்கவில்லை. கரோலினை மேலும் கீழும் பார்த்தாள்.

மோகன்குமாரின் மனைவி புவனா ஒரு தட்டில் மோர் கொண்டுவந்தாள். நாற்பது வயதிருக்கும். நெற்றி நிறையக் குங்குமம், திருத்தமாக எழுதிய புருவம். "வெயில்ல வந்திருக்கீங்க, மோரு எடுத்துக்கங்கக்கா" என்றாள். கரோலின் டம்ளரை எடுக்கும்போது புவனாவின் பார்வை குருவிக் கதவின்மேல் இருப்பதைக் கவனித்தாள்.

ஆசாரி வேங்கடசாமி மரச்சட்டங்கள்மேல் உட்கார்ந்து உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆசாரியாரே, அந்தச் சீட்டைக் காட்டுங்க" என்றார் மோகன்குமார்.

வேங்கடசாமி எழுந்தார். பையிலிருந்து நீளக் குழாயை எடுத்து மூடியைத் திறந்தார். தாளை உருவி, படிமேல் விரித்து, நாலு மூலைக்கும் நாலு மரத்துண்டு வைத்தார்.

எல்லோரும் குனிந்தார்கள்.

இடப்பாதியின் கீழே ஒரு டிக். வலப்பாதியின் கீழேயும் ஒரு டிக்.

"பாத்தீங்களா!" மோகன்குமாரின் குரல் பந்தல்காரர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. "நான் போட்டது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் தாள் உங்க கையிலதானுங்க மேடம் இருந்துச்சு. உங்க ஆளு யாரோ அங்க வெச்சு கிறுக்கியிருக்கறாங்க. இப்பவும் படம் கோளாறு இல்லைம்பீங்களா?"

குல்சும் கொதித்துவிட்டாள். "எங்க ஆளுன்னா அது நான் ஒருத்திதான் சார். நான் அன்னிக்கு அச்சு காய்ஞ்சதும் சுருட்டிக் குழாயில போட்டு, ஆசாரி கையிலயே..."

"குல்சுமக்கா, சித்தெ இருங்க" என்றாள் கரோலின்.

பூதக்கண்ணாடியை எடுத்து முதல் டிக்கின்மேல் வைத்தாள். பென்சில்தான். கோடு சாம்பல் நிறத்தில் வெயிலுக்கு மினுங்கியது. அவள் பட்டறை மேசையில் எப்போதும் கிடக்கும் 2பி பென்சில். இரண்டாவதின்மேல் வைத்தாள். மினுக்கமில்லை. கறுப்பு மாதிரி தெரிந்தாலும் கறுப்பில்லை, அடர்த்தியான பழுப்பு. ஓரமெல்லாம் கொழகொழப்பாக இழுத்திருந்தது.

மோர் டம்ளரின் வெளிப்புறத்தில் பூத்திருந்த ஈரத்தில் விரல்நுனியை நனைத்து, முதல் டிக்கின்மேல் ஒரு சொட்டு வைத்தாள். அச்சுக் காகிதம் தண்ணீரை உடனே உறிஞ்சியது. இரண்டாவதின்மேல் ஒரு சொட்டு. அது கோட்டின்மேல் ஒட்டாமல் மணியாக உருண்டு நின்றது.

மெழுகு.

மெழுகு இருக்கும் இடத்தில் நீர் ஒட்டாது, ஆசிட்டும் ஒட்டாது. அவள் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. பன்னிரண்டு வருஷமாக மெழுகைப் பூசிக்கொண்டும் கீறிக்கொண்டும் இருப்பவளுக்கு மெழுகு கலந்த பென்சில் எதுவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடர் பழுப்பு, கொழகொழப்பு. பெண்கள் கைப்பையில் இருப்பது.

நிமிர்ந்தாள். எதிரே புவனா நின்றிருந்தாள். திருத்தமாக எழுதிய இரண்டு புருவம், அதே அடர் பழுப்பு. கரோலினின் பார்வை தன் முகத்தில் எங்கே நிற்கிறது என்று தெரிந்ததும் புவனாவின் கை தானாக உயர்ந்து நெற்றியோரத்துக் கூந்தலை ஒதுக்குவதுபோல் புருவத்தை மறைத்தது.

ஆகா, என்று நினைத்துக்கொண்டாள் கரோலின்.

"இந்த ரெண்டாவது டிக் எங்க பட்டறையில போட்டதில்லீங்க" என்றாள் நிதானமாக. "எங்ககிட்ட இந்தப் பென்சிலே கெடையாது. முதல் டிக்கைப் பாருங்க, தண்ணியைக் குடிச்சிருக்குது. இதுமேல தண்ணி ஒட்டலை. இது வேற பென்சில், வேற கை."

மோகன்குமார் குனிந்து பார்த்தார். கண்ணாடியை வாங்கியும் பார்த்தார். பம்புசெட் செய்கிறவர். கண்முன்னால் காட்டிய சோதனையை மறுக்கிற ஆளில்லை. "அப்ப யாரு?"

ஒரு வார்த்தை போதும். சொன்னால் கரோலினின் பெயர் சுத்தம். மேசை திரும்பி வரும். நாற்பது பெட்டியும் போகும். பழனாத்தாள் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள், பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள், நாளை மறுநாள் இந்த வீட்டில் பால் காய்ச்ச வேண்டியவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எங்க கை இல்லைங்கறது வரைக்கும்தான் எனக்குத் தெரியோணும். மிச்சம் உங்க ஊட்டு விஷயம்" என்றாள் கரோலின்.

"அப்ப ஆசாரிதான்" என்றாள் பழனாத்தாள்.

"ஆசாரியாரே?"

வேங்கடசாமி உளியைப் பார்த்தபடியே சொன்னார். "சீட்டுல இருந்ததைத்தானுங்க செதுக்குனேன் மொதலாளி."

"சீட்டுல ரெண்டு டிக் இருந்தா என்னை ஒரு வார்த்தை கேக்கோணுமல்ல? முப்பது வருஷமா உளி புடிக்கிறீங்க, அது தெரியாதா உங்களுக்கு?"

"சீட்டுல இருந்ததைத்தானுங்க செதுக்குனேன்."

மோகன்குமார் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்படின்னா கதவைக் கழட்டிப்போடுங்க. இன்னையோட உங்களுக்கும் எனக்கும் வேலை முடிஞ்சுதுங்க. மேடம், நீங்களும் தப்பா நினைக்காதீங்க. கதவே இல்லாத ஊட்டுல மேசை எதுக்குங்க?"

குல்சும் கரோலினின் முழங்கையைக் கிள்ளினாள். சொல்லிப்போடேன் என்கிற கிள்ளல். அவளும் அந்தப் புருவத்தைப் பார்த்துவிட்டாள்.

கரோலின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி கதவைப் பார்த்தாள். வண்டியில் வந்தபோதும் இங்கே நின்றபோதும் தான் தவறவிட்டது என்ன என்று சட்டென்று பிடிபட்டது. இத்தனை பேரும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது திறந்த கதவை. போனில் இருந்ததும் திறந்த கதவு. அவள் வரைந்தது திறந்த கதவு அல்ல.

"சார், கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. கதவைச் சாத்துங்க."

"சாத்துனா மட்டும் குருவி சிங்கமாயிருமுங்களா?"

"சாத்திப் பாருங்க. காசா பணமா?"

எல்லோரும் படிக்குக் கீழே வெளியில் நின்றார்கள். உள்ளே போனவள் புவனா. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. முதலில் சிங்கக் கதவு அசைந்து வந்தது. பின்னாலேயே குருவிக் கதவு வந்து, தேக்கு தேக்கோடு மோதும் கனத்த சத்தத்துடன் பொருந்தியது.

பந்தல்காரர்களில் ஒருவன் "அடேங்கப்பா" என்றான்.

நடுவில், இரண்டு கதவும் சேரும் இடத்தில், பாதி பாதியாகப் பிரிந்து கிடந்த பூச்சாடி ஒன்றாகிவிட்டது. திறந்திருந்தபோது அது சாடி என்றே யாருக்கும் தெரியவில்லை. ஓரத்தில் ஏதோ வளைவு என்றுதான் விட்டிருந்தார்கள். ஒரே சாடியிலிருந்து ஒரே தண்டு எழுந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை தடித்து முறுக்கி ஏறிச் சிங்கத்தின் வாய்க்குள் போனது. மறுகிளை மெலிந்து நெளிந்து குருவியின் அலகு வரை போனது. சிங்கம் குருவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. குருவி அதைச் சட்டை செய்யாமல் திராட்சையைக் கொத்திக்கொண்டிருந்தது. மேலே போய் இரண்டு கிளையும் ஒரே சிப்பிக்கடியில் முடிந்தன.

கரோலினுக்கே மெய் சிலிர்த்தது. அவள் அதை வரைந்தபோது இரண்டு கடைச்சரக்கை ஒரே தட்டில் பரப்பியது போலத்தான் நினைத்து வரைந்தாள். எவ்வளவு செம்பு மிச்சம் என்பதுதான் கணக்கு. சாடியை நடுவில் வைத்ததும் இரண்டுக்கும் பொதுவாக ஏதாவது வேண்டுமே என்றுதான். இது இப்படி நிற்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்தவர்களுக்கும் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பழனாத்தாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். படி ஏறினாள். குருவியைத் தொட்டாள், சிங்கத்தின் மூக்கைத் தொட்டாள். "தம்பி" என்றாள்.

"என்னக்கா?"

"சாத்துனா நெம்ப நல்லாத்தான்டா இருக்குது." பிறகு உடனே, விட்டுக்கொடுத்தது தெரியக்கூடாது என்பதுபோல், "தெறந்தா மட்டும் அசிங்கமாத்தான் இருக்கும்" என்றாள்.

"ஒறம்பரை வந்ததுக்கப்புறம் தெறந்துக்கலாமுங்கக்கா" என்றாள் குல்சும். "வாசல்ல நிக்கறவங்க சாத்துன கதவைத்தானே பாப்பாங்க?"

மோகன்குமார் நாலு அடி பின்னால் போய் நின்று பார்த்தார். இன்னும் நாலு அடி போனார். வாழைக்குலை இறக்க வந்த டெம்போ அவருக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. போனை எடுத்து, சாத்திய கதவை ஒரு படம் பிடித்தார். பிறகு அதே போனில் யாரையோ அழைத்தார்.

"ஏனுங்க, அந்த ரெடிமேட் கதவு வேண்டாமுங்க. ஆமாங்க. வேண்டாம்னா வேண்டாமுங்க."

போனைப் பையில் போட்டுக்கொண்டு படியருகே வந்தார். கோபம் போன இடத்தில் இப்போது வியாபாரி வந்து உட்கார்ந்திருந்தான். "மேடம், ஒத்துக்கறேனுங்க. நான் இந்த மாதிரி கதவு எங்கயும் பாத்ததில்லை. அந்த மேசையைப் போடுங்க, ஒண்ணுக்கு ரெண்டாப் போடுங்க. ஞாயித்துக்கெழம கேக்கறவங்ககிட்டயெல்லாம் இது உங்க யோசனைன்னு சொல்லிப்போடறேன். என்னங்க?"

குல்சும் ஆமென்று தலையாட்டு என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். நாற்பது பெட்டிக்கும் இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. தலையை ஒருமுறை ஆட்டினால் போதும்.

"படம் என்னுதுங்க" என்றாள் கரோலின். "அதை எத்தனை பேர்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. இந்த யோசனை என்னுதில்லை. என்னைக் கேட்டிருந்தீங்கன்னா ஒரு பாதிதான் செய்யோணும்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன். கதவைக் கெடுத்திருப்பேன்."

"அப்ப ஆசாரியாருதுங்களா?"

வேங்கடசாமி முதல்முறையாக நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. "எனக்கு அந்த அளவுக்கெல்லாம் ரோசனை வராதுங்க மொதலாளி."

"அட கெரகமே! மேடம் இல்லை, ஆசாரி இல்லை, நானும் இல்லை. வேற யாருதானுங்க அந்த ரெண்டாவது டிக்கைப் போட்டது?"

சாத்திய கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் அசைந்தது. சிங்கம் நின்ற இடத்திலேயே நிற்க, குருவிக் கதவு மட்டும் திறந்தது. புவனா நிலைப்படியில் வந்து நின்றாள். மோர்த் தட்டு கையில் இல்லை. புருவத்தை மறைக்கவும் இல்லை.

"நாந்தானுங்க போட்டேன். கதவுக்கு எது நல்லாருக்கும்னு பம்புசெட் டீலர் வரைக்கும் போட்டோ அனுப்பிக் கேட்டீங்க, உனக்கு எது புடிக்குது அம்மணின்னு இந்த ஆசாரி ஒருத்தர்தானுங்க கேட்டார்."